சுவரைப் பார்த்து நின்றவருக்கு

என் மேலங்கியின் கையில் இன்னமும் ஈரச் சுண்ணாம்புக்கல்லின் மணம் இருக்கிறது. இன்று பிற்பகல் மகளோடு, மொன்றியலுக்கு வெளியே ஆற்றங்கரையிலுள்ள அந்தப் பழைய மாவட்டச் சிறைக்குப் போய் வந்தேன். நீங்களும் நானும் பார்த்தபோது அது அருங்காட்சியகம். இப்போது முதியோருக்கான வீடுகளாக்கிவிட்டார்கள். இரண்டாம் மாடியில் ஒன்று எனக்காம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

போன மாரியில் பியர்பொன்ட்ஸில் என் வீட்டு வாசலில் பனியில் வழுக்கி விழுந்து, அயலவர் காணும்வரை அப்படியே கிடந்தேன். அன்றிலிருந்து மகளுக்கு நித்திரை இல்லை. அவளுடைய பயம் நியாயமானது. அதனால்தான் உடனே மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

"சுவரைப் பாருங்கோ அம்மா, என்ன தடிப்பு! குளிர் கிட்டவும் வராது," என்றாள். "முந்தி மறியல் வீடெண்டு யோசிக்காதேங்கோ. கொன்வென்ற் போர்டிங்கில இருந்த உங்களுக்கு இது சுகபோகம்."

"அங்க மணியடிச்சால் கதவு திறக்கும், பிள்ளை," என்றேன். சிரித்தாள். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அருங்காட்சியகம் பார்க்க வந்த அன்று அந்தச் சன்னலை எனக்கு விளங்கப்படுத்தியவர் நீங்கள். வரைபடம் கீறும் படவரைஞர் அல்லவா, எந்தக் கட்டடத்தையும் உங்களுக்குச் சும்மா பார்க்கத் தெரியாது. "உள்பக்கம் அகலம், வெளிப்பக்கம் ஒடுக்கம். வெளிச்சம் வரும், ஆள் போகேலாது. கட்டினவன் கெட்டிக்காரன்," என்றீர்கள். நடுக்கூடத்தில் ஒரு காவலன் நின்றால் எல்லாத் தட்டுகளின் அறைக்கதவுகளும் அவன் கண்ணில் படும் என்று காட்டினீர்கள். குடிகாரரையும் கொலைகாரரையும் ஒரே கூரையின் கீழ் அடைத்த காலத்துக் கட்டடம் அது.

பிறகு வழிகாட்டிப் பெண் வேடிக்கைக்காக எங்களை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். நீங்கள் உடனே சுவர்ப்பக்கம் திரும்பி, கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டு நின்றீர்கள். பகிடி என்று நினைத்து மற்றவர்கள் கைதட்டினார்கள். ஊரில் ஆமி உங்களைப் பிடித்து வைத்திருந்ததை அறிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். கதவு திறந்த பிறகும் நீங்கள் திரும்பவில்லை. தோளைத் தொட்டுத்தான் கூட்டி வந்தேன். பஸ்ஸில் ஒன்றே ஒன்று சொன்னீர்கள்: "பிள்ளைக்குச் சொல்லாதேயும்."

நீங்கள் கண்மூடிய பிறகும் சொல்லவில்லை. இன்று சொன்னேன்.

காரில் ஏறியதும், எனக்கு அந்த வீடு வேண்டாம் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனெண்டாவது சொல்லுங்கோ. இன்னொருக்கால் விழுந்து கிடந்து சாகப் போறீங்களோ?" ஏதாவது பொய்ச் சாட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது.

"அப்பாவை ஊரில இப்பிடி ஒரு இடத்தில அடைச்சு வச்சிருந்தவை, பிள்ளை. நீ பிறக்க முந்தி."

காரை ஓரமாக நிறுத்தினாள். "உள்ளுக்க என்ன செய்தவை? தனியவோ வச்சிருந்தவை? அப்பா அழுதவரோ?"

"எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றேன். கேட்டால் நீங்கள் மனத்தால் மறுபடியும் அங்கே போய்விடுவீர்கள் என்று பயந்து, கடைசிவரை நான் கேட்கவேயில்லை.

வாசலில் இறக்கிவிட்டபோது, "அந்த வீட்டுக் கதையை விடுங்கோ. நாளைக்கு வாறன், இருந்து கதைப்பம்," என்றாள். நாளைக்கும் அதைத்தான் கேட்பாள். நீங்கள் விடுபட்டு வந்த அன்று முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தேன். எந்தத் தழும்பு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று என் விரல்களுக்கு இன்றும் தெரியும். நான் அறிந்தது அவ்வளவுதான். அதை ஒரு மகளிடம் எப்படிச் சொல்வது?