யாரும் வந்து தட்டாத தகரம்

சிகாகோ, மே 1911

அன்புள்ள லவீனியா,

நலமே, களைப்புதான் தீரவில்லை. உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? என் கம்பளிக் காலுறைகளை அனுப்பு, இங்கே இன்னும் குளிர்கிறது.

ஒரு வேடிக்கை கேள். எங்கள் விடுதிக்குப் புதுமணத் தம்பதி வந்தார்கள். சாயங்காலம், புதுமணத் தம்பதியைத் தகரம் தட்டி வாழ்த்தும் நம் ஊர் வழக்கப்படி அவர்கள் சன்னலுக்குக் கீழே நின்று தகரத்தட்டைக் கரண்டியால் அடித்தேன். விடுதிக்காரி ஓடிவந்தாள்.

"படிச்ச மனுஷன்தானே நீர்? போலீசக் கூப்பிடவா?"

மணப்பெண்ணோ, தட்ட வந்தவருக்குக் கொடுக்கிற மிட்டாயோடு இறங்கி வந்தாள். "எங்க ஊர்லயும் இப்படித்தாங்க. இங்க யாரு வரப்போறாங்கன்னு அழுதுட்டிருந்தேன்."

நம் கல்யாணத்தன்று நீயும் மிட்டாயை மடியில் வைத்துக் காத்திருந்தாய். கூலிக்காரன் மகனுக்கு மரஆலைக்காரர் பெண்ணா என்று ஊரில் ஒருவனும் வந்து தட்டவில்லை. அவர்களை நான் மன்னிக்க மாட்டேன். அவர்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் நம் மகள் நெட்டியின் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று எழுதினேன்.

கறுப்புக் கோட்டுக்குப் பொத்தான் தைத்து வை. கல்யாணத்துக்கு வருகிறேன். தபால்காரர் கிளம்புகிறார், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஊரார் வந்தாலும் வராவிட்டாலும், அவள் சன்னலுக்குக் கீழே நான் நிற்பேன்.

உன் ஆம்புரோஸ்