திரும்பிப் பார்த்த இடம்

மாசி 4, ஞாயிறு.

எழுதத் தெரியாது, போனில் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் ஜல்லிக்கட்டுக் காளையைப் புதைத்து மூன்று நாளாகிறது. மண் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல்தான் நடந்தேன். வீடியோ எடுத்த மகன் பின்னாலிருந்து "அப்பா" என்றான், திரும்பிவிட்டேன். என் அப்பனைப் புதைத்தபோது யார் கூப்பிட்டும் திரும்பாதவன் நான்.

"ஏன்டா கூப்புட்ட?" என்று இன்று கேட்டேன்.

"யூடியூப்ல வீடியோ எட்டு நிமிசம் தாண்டுனாத்தான் நடுவுல விளம்பரம் விழும்பா. கொஞ்சம் கொறஞ்சுச்சு, அதான். நீ திரும்புன எடத்தத்தான் சனம் மறுபடி மறுபடி பாக்குது. புதுக் கன்னுக்குட்டியே வாங்கலாம், அம்புட்டுக் காசு வரும்."

திரும்பிப் பார்த்தால் அந்த வீட்டில் இன்னொரு உயிர் போகும் என்பார்கள். வீட்டில் நானும் அவனும்தான் இருக்கிறோம். நானாக இருந்தால் பரவாயில்லை. அன்றைக்கு, என் மேல் மண் போட்டுவிட்டு நடக்கும் அவனை யாரும் பின்னாலிருந்து கூப்பிடாமல் இருக்க வேண்டும்.