அக்காவின் தோளுக்கு ஒரு போத்தல் ஜெல்லி

புந்தோங், ஈப்போ
8.2.1981

இங்கிலாந்து தேசத்தில் எலும்பையும் தசையையும் அடக்கி ஆளப் படித்துக்கொண்டிருக்கும் மருமகள் தவமணிக்கு, உன் ஒரே தாய்மாமனும் புந்தோங்கின் முடிசூடா லோரி ஓட்டியுமாகிய பத்துமலை எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். உன் அத்தை பாப்பா மட்டும் என்னைத் திட்டித் திட்டி இளைத்துவிட்டாள்.

உன் அம்மாவுக்கு வலது தோளில் மூன்று மாதமாக வலி. முப்பது வருடம் பால்மரம் வெட்டிய தோள். உலகத்தில் ஓடும் டயர்களில் பாதி அந்தத் தோளில் பிறந்தவை. டாக்டர் சீட்டுக் கொடுத்தார். அக்காவைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியில் உடையப்பன் என்று ஒரு தம்பி, குளிர்ந்த ஜெல்லியைத் தடவி, குட்டி இஸ்திரிப்பெட்டி மாதிரி ஒன்றை வட்டம் வட்டமாகத் தேய்த்தார். சூடும் இல்லை, சத்தமும் இல்லை.

“தம்பி, ஃபியூஸ் போயிருச்சா?” என்றேன்.

“இல்ல அண்ணே, இது காதுக்குக் கேக்காத சத்தம். உள்ள போயி வலியைக் குறைக்கும், சதையை ஆத்தும்.”

“சத்தம்தான் வைத்தியம்னா என் பொண்டாட்டியக் கூட்டியாரேன். வார்டே எந்திரிச்சு நடக்கும்லா.”

அக்கா சிரித்தாள். சிரிக்கும்போது தோளைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் மாமன்
பத்துமலை


லீட்ஸ்
1.3.1981

அன்புள்ள மாமா,

அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது. இளஞ்சூடு தெரியலாம், ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். பன்னிரண்டையும் முடித்துவிடுங்கள்.

ஒரு விஷயம். அம்மாவுக்குக் கக்கத்திலோ மார்பிலோ கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பாப்பா அத்தையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் அந்த இடத்தில் கருவி படக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆண்களிடம் அம்மா இதையெல்லாம் சொல்ல மாட்டாள்.

எனக்கு ஜூனில் கடைசிப் பரீட்சை.

அன்புடன்
தவமணி


புந்தோங்
5.4.1981

கட்டளைகள் பிறப்பிக்கும் மருமகளே,

உன் அம்மா நேற்று ஒரு காக்கையைப் பார்த்துக் கல்லை எறிந்தாள். காக்கை தப்பித்தது. கல் எழுபது மைல் தள்ளித் தஞ்சோங் மாலிமில் போய் விழுந்ததாகத் தகவல். தோள் அவ்வளவு தேறிவிட்டது.

மூன்று தடவையோடு ஆஸ்பத்திரியை நிறுத்திவிட்டோம். பதறாதே. அடிக்கடி லீவு கேட்டால் கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். மருந்து அந்த ஜெல்லியில்தானே இருக்கிறது, தேய்க்கிறதுக்கு எது கிடைத்தால் என்ன என்று என் பேரறிவுக்கு எட்டியது. உடையப்பனிடம் கெஞ்சி ஒரு போத்தல் வாங்கிவிட்டேன். தினமும் சாயங்காலம் பாப்பாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறேன். அவள் கரண்டியின் முதுகால் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறாள். நான் வாசலில் நின்று கடிகாரம் பார்த்து உத்தரவு போடுகிறேன். உன் பேராசிரியர்களிடம் சொல்லி வை, ஈப்போவிலும் ஒரு வைத்தியன் உண்டு என்று.

நன்றாகப் படி. வேறு எதையும் யோசிக்காதே.

பத்துமலை


லீட்ஸ்
26.4.1981

மாமா,

அந்த ஜெல்லி மருந்து இல்லை. கருவிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இருந்தால் சத்தம் உள்ளே போகாது, அதற்காகத் தடவுவது. வெறும் ஜெல்லியைத் தேய்ப்பதும் தண்ணீரைத் தேய்ப்பதும் ஒன்று.

கட்டியைப் பற்றிக் கேட்டிருந்தேன். காக்கைக்கு இடம் இருந்த கடிதத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. கதை வேண்டாம் மாமா. இருக்கிறதா, இல்லையா?

தவமணி


புந்தோங்
17.5.1981

தவமணிக்கு,

இருக்கிறது.

மார்ச்சில் நீ எழுதியதை எப்போதும் போல அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கட்டி என்று வந்ததும் அவள் பாப்பாவை உள்ளே கூட்டிப் போனாள். வலது கக்கத்தில் சுண்டைக்காய் அளவு என்று பாப்பா வந்து சொன்னாள்.

“பரீட்சை முடியட்டும்டா,” என்றாள் அக்கா. “எழுதுனா படிப்ப விட்டுட்டு ஓடியாந்துரும். எழுத மாட்டேன்னு அவரு படத்துல அடிச்சுச் சொல்லு.”

உன் அப்பா படத்தில் அடித்துச் சொன்னேன். கட்டியில் கருவி படக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய், அதனால் ஆஸ்பத்திரியை நிறுத்தினேன். டாக்டரிடம் காட்டு என்றும் எழுதியிருந்தாய். அக்கா வர மாட்டேன் என்றாள். இழுத்துக்கொண்டு போக எனக்குத் தைரியம் இல்லை. ஜெல்லியை நம்பினேன். கக்கத்திலும் தடவச் சொன்னேன்.

இப்போது எலுமிச்சை அளவு. நான் சொல்லும் அளவை நீ நம்ப மாட்டாய் என்று பாப்பாவைக் கீழே கைநாட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

போன செவ்வாய் டாக்டரிடம் காட்டினோம். மார்பிலும் இருக்கிறதாம். அறுக்க வேண்டும் என்கிறார். “முன்னாலயே வந்திருக்கணும்” என்றார். ஒரு தடவைதான் சொன்னார்.

பத்துமலை


லீட்ஸ்
29.5.1981

மாமா,

ஜூன் பத்தாம் தேதி சுபாங்கில் இறங்குகிறேன். பரீட்சையை அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம். விமான நிலையத்துக்கு நீங்கள் வர வேண்டாம். பாப்பா அத்தை வரட்டும்.

பரீட்சை முடிந்துவிட்டது, நான் பாஸ் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள். அம்மா நம்பும்படி சொல்ல உங்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

தவமணி