கடல் இல்லாத நேரத்தில் கடல் குளியல்

அரோசா கரை,
ஜூலை 18

அன்பு மகள் சபேலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறோம், ஜெனீவாவில் நீயும் அப்படியே இருக்க கார்மென் மாதாவை வேண்டுகிறேன். முதலில் பிள்ளைகள் சேதி. உன் அண்ணன் மகன் பிரைஸ் படகோட்டும் பரீட்சையில் தேறிவிட்டான், அவன் தங்கை உஷியா கணக்கில் வகுப்பிலேயே முதல், உன் மகள் அந்தீயா கடலில் குளித்துவிட்டாள். மூன்றில் பெரியது கடைசிதான், விவரமாய்ச் சொல்கிறேன் கேள்.

நகராட்சியிலிருந்து மிதக்கும் சக்கர நாற்காலி ஒன்றை ஒருநாள் சோதனைக்கு அனுப்பினார்கள், பூசணிக்காய் போல உருண்ட மஞ்சள் சக்கரங்கள். நடக்க முடியாத யாராவது அதில் கடலில் இறங்கிப் பத்திரமாய்த் திரும்பினால் கோடை முழுக்க நம் கரைக்கு, இல்லாவிட்டால் பக்கத்து ஊருக்கு. இறங்குவது நம் அந்தீயா என்று முடிவாயிற்று, நேரம் குறிக்கும் வேலையைச் சேற்றில் மட்டிச் சிப்பி அள்ளும் பெண்கள் என்னிடம் விட்டார்கள். நாற்பது வருஷம் மட்டி அள்ளியவளுக்குக் கடலுக்குப் போகும் நேரம் என்றால் தண்ணீர் வற்றும் நேரம்தான், கடல் ஏறி வற்றும் அட்டவணையைப் பார்த்து அதையே எழுதிக்கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு அதிகாரி வந்து நின்றால் எங்கும் சேறு, கடல் அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. கூட மட்டி அள்ளும் எர்மிதாஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஏன் டோசிந்தாக்கா, பிள்ளைய குளிக்கக் கூட்டியாந்தியா, மட்டி அள்ளக் கூட்டியாந்தியா?" என்றாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அதிகாரி காகிதத்தை மடிக்கப் போனார். அந்தீயாதான், "மடிக்காதீங்க சார், கடல் வரலன்னா நாம போவோம், திரும்பறப்ப தண்ணியே என்னைக் கொண்டாந்து விட்டுடும்" என்றாள். எட்டுப் பெண்கள் கயிறு கட்டி இழுத்தார்கள், சக்கரம் புதையவில்லை, அவர்கள் கால்தான் புதைந்தது. மேலே உட்கார்ந்து உன் மகள், "வேகமா இழுங்கடி, மதியச் சாப்பாடு தின்னீங்களா இல்லையா?" என்று அதட்டுகிறாள்! தண்ணீரில் இறங்கியதும் அவள் போட்ட கூச்சல், கரையில் எம்பனாடா தின்றுகொண்டிருந்த அதிகாரிக்கே கேட்டதாம். குளிர் தாங்கும் ரப்பர் உடை போட்டிருந்தாள், பயப்படாதே. பிறகு தண்ணீர் ஏற ஏற, உயிர்காப்பாளர் இருவர் கூடவே வர, மிதந்து மிதந்து நாலு மணிக்குப் பலகைப் பாதையில் வந்து முட்டினாள். அதிகாரி அங்கேயே கையெழுத்துப் போட்டார். அட்டவணையை என்னிடமிருந்து பிடுங்கி அந்தீயாவிடம் கொடுத்துவிட்டார்கள், இனி நேரம் குறிப்பது அவள்தான்.

போன கடிதத்தில், அந்தச் சேற்றில் அவளுக்கு என்ன இருக்கிறது, ஜெனீவாவுக்கு அனுப்பிவிடு என்று எழுதியிருந்தாய். இருக்கிறது மகளே. பதினொரு பேர் அந்த நாற்காலியில் குளிக்கப் பெயர் கொடுத்திருக்கிறார்கள், உன் மகள் சொன்னால்தான் கடலில் இறங்கலாம். அவள் வரமாட்டேன் என்கிறாள், எனக்கும் அனுப்பும் எண்ணம் இல்லை. ஆகஸ்டில் நீதான் வரவேண்டும்.

முழங்கால் வலிக்குத் தைலம் தடவ மறக்காதே, மாதா உன்னை நல்லபடி வைக்கட்டும். அலமாரியில் இருக்கிற உன் படம் நீ ஜெனீவாவுக்கு வேலைக்குக் கிளம்பியபோது எடுத்தது. அதில் இருக்கிறவளைவிட அந்தீயா இப்போது இரண்டு வயது மூத்தவள். புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா டோசிந்தா