உறைபனியில் மூடாமல் விட்ட செடிகள்

என் ஆசை அக்கா, என் பொய்க்காரி அக்கா,

நீ தந்த இரண்டு செடிகளையும் நான் உறைபனியில் வேண்டுமென்றே மூடாமல் விட்டேன்.

ஏப்ரலில் டார்னெய்ட்டில் உள்ள உன் வீட்டிலிருந்து அவற்றைப் புழுக்களோடு காரில் ஏற்றி வந்தாய். எருக்கலை மாதிரி, ஒடித்தால் பால் வடியும் செடி. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு வேறெதையும் தின்னாது என்றாய். "வேலி மாத்தப் போறம், கொஞ்ச நாள் உன்னட்டை நிக்கட்டும். பனி விழுந்தா மூடிவிடு" என்றாய். நம்பினேன். ஏழு கிழமையில் நீ இல்லை. உன் வீட்டு வேலி அப்படியே நின்றது.

உன் நோய் உனக்குத் தை மாதமே தெரியும் என்று செத்தவீட்டில்தான் அறிந்தேன். அத்தானுக்குத் தெரியும். என் கணவருக்கும் தெரியும். "அக்கா சொல்ல வேண்டாமெண்டவ. நீர் தாங்கமாட்டீர் எண்டு" என்றார். நான் எதைத் தாங்குவேன் என்று என்னைக் கேட்காமல் முடிவுசெய்ய உங்களுக்கு யார் உரிமை தந்தது?

அந்தக் கோபத்தில்தான், ஜூலைக் குளிர்காலத்தில் உறைபனி வருமென்று வானிலையில் சொன்ன அன்று, எடுத்த படுக்கை விரிப்பைத் திரும்ப மடித்து வைத்தேன். காலையில் இலைகள் அவித்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின. தண்டில் மிஞ்சியிருந்த ஒரேயொரு கூட்டுப்புழு தொட்டதும் கையோடு வந்தது. அதுவா எனக்குப் பொய் சொன்னது?

பிடுங்கி எறிய மனம் வரவில்லை. ஒக்டோபரில், வசந்தம் வந்ததும், ஒன்றின் அடியில் துளிர் வந்தது. மற்றது வரவேயில்லை.

நேற்று ஒரு செம்மஞ்சள் பூச்சி வந்து, வயிற்றை வளைத்துத் துளிர்களில் முட்டையிட்டது. பக்கத்தில் நின்று பார்த்த என் மகள், பெரியம்மாவுக்கு என்ன வருத்தம் வந்தது என்று கேட்டாள். இவர் முந்திக்கொண்டு, "காய்ச்சலம்மா" என்றார்.

"எனக்கும் போன கிழமை காய்ச்சல்தானே அப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் ஒரு கணம் வாய் திறக்காமல் நின்றேன், அக்கா. உன்னைப்போலவே.

பிறகு அவளை மடியில் இருத்தி, மார்பில் வந்த புற்றுநோய் என்று பெயர் சொன்னேன். அழுதாள். பிறகு, அது தொற்றுமா என்று கேட்டாள். தொற்றாது என்றேன்.

உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்று: எனக்கு எது வந்தாலும், அறிந்த அன்றே அவளுக்குச் சொல்வேன். அவளுக்குத் தந்த வாக்கு இது. நீயும் கேட்டு வைத்துக்கொள்.

கோபம் ஆறாத உன் தங்கச்சி,
கௌரி