கட்டத்துக்கு வெளியே அப்பா பெயர்

கோப்பெங்,
ஞாயிற்றுக்கிழமை.

புனிதா அக்காவுக்கு,

சுரேன் எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாமல் படி. கைபேசியில் அனுப்புகிற எதையும் யாராவது படம் பிடித்து அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

உனக்கு அந்தக் கொடுமையைச் செய்த வேன்காரன் மகேந்திரனின் மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது. சிறையில்தான் கிடப்பான். நல்ல செய்தி இது ஒன்றுதான்.

தீர்ப்பை இணையத்தில் ஏற்றினார்கள். உன் பெயர் வந்த இடத்திலெல்லாம் கறுப்புக் கட்டம். வயதுக்கும் கட்டம். ஆனால் பெயருக்குப் பின்னால் ‘பழனியப்பனின் மகள்’ என்பது அப்படியே நிற்கிறது. சீனர்களின் குடும்பப் பெயர் மாதிரி ஆயிரம் பேருக்கு இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போல. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அடையாள அட்டையில் நம் பின்னால் வருவது அப்பாதான். நம் பழைய தோட்டத்தின் பெயரையும் மறைக்கவில்லை. அந்தத் தோட்டத்தை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தவர்களில் பழனியப்பன் என்ற பெயரில் அப்பா ஒருவர்தான்.

நீதிமன்றத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். பெயரைத்தான் மறைத்துவிட்டோமே, இன்னும் என்ன என்றார் அதிகாரி. தமிழர் பெயர் எப்படி இருக்கும் என்று அவருக்குப் பாடம் எடுத்த பிறகுதான் மாற்றினார்கள். அதற்குள் கோயில் கமிட்டியின் வாட்ஸப் குழுவில் யாரோ அதைப் போட்டு, மேலே ‘பாவம் இந்தப் பிள்ளை’ என்று எழுதியும்விட்டார்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். வக்கீல் உன்னைக் கேட்ட கேள்வியும் நீ சொன்ன பதிலும் அதில் முழுதாக இருக்கின்றன. கும்பிட்டவர்கள் ஒருவர் விடாமல் படித்துவிட்டார்கள்.

இரண்டு மகள்களில் எவள் என்பது மட்டும்தான் அவர்களுக்குப் பாக்கி. அதையும் சாலையோர ஒட்டுக்கடையில் வைத்து, எல்லார் காதிலும் விழும்படி, கமிட்டியில் இருக்கிற பத்துமலை மாமா அப்பாவிடம் கேட்டாராம்: “பழனி, பெரியவளா சின்னவளா? நீயே சொல்லிட்டா நாங்க கண்டவங்கள கேட்டுக்கிட்டு இருக்க வேணாம்லா.” அப்பா தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு வாசலைத் தாண்டவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், சத்தத்தைக்கூட வைப்பதில்லை.

தங்கச்சி குமுதாவுக்கு ஆயர் தாவாரில் மாப்பிள்ளை பேசி வைத்தது உனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அம்மா நல்லம்மாள் போன வாரம் வந்தார். பழத்தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அதே கேள்வியைக் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. “பெரியவதான். சின்னவ சுத்தம்” என்றாள். நான் அங்கேதான் நின்றேன். நீதிமன்றம் மறைத்து வைத்ததை நம் வீட்டுக் கூடத்தில் பெற்றவள் எடுத்துக் கொடுத்தாள். அப்பா டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நல்லம்மாளுக்கு அதுவும் போதவில்லை. “தூரத்துல இருக்கிற பொண்ணு மேல பழியப் போடுறது சுலபம்லா, அக்கா. பெரியவளே எனக்குப் போன் பண்ணி, நான்தான்னு சொல்லட்டும். மறுநாளே தேதி குறிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அம்மாவுக்கு நீ அந்த போனைப் பண்ண வேண்டும். இதைக் கேட்கத்தான் என்னை எழுதச் சொன்னாள். ‘உனக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா’ என்று அம்மாவிடம் கத்தினேன். “கோர்ட்டுல அத்தன பேரு முன்னால சொன்னவதானே? இன்னொரு தரம் சொன்னா வாய் தேஞ்சிடுமா?” என்றாள். சரி, குமுதாவாவது ஏதாவது பேசுவாள் என்று அவளைப் பார்த்தேன். “அக்காவுக்கு இனிமே போறதுக்கு என்னண்ணே இருக்கு? எனக்குத்தான் இருக்கு” என்றாள். அப்புறம் அறைக்குள் போய் அழுதாள். அழட்டும். சொன்னது சொன்னதுதான்.

உனக்கு இதையெல்லாம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. பத்துப் பேர் வாயிலிருந்து துண்டுதுண்டாகக் கேட்பதைவிட என்னிடமிருந்து ஒரே தடவையாகக் கேள்.

நல்லம்மாளின் எண்ணை இந்தக் கடிதத்தில் எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. குமுதாவுக்குக் கல்யாணம் வேண்டுமென்றால் அவளே ஜொகூருக்கு பஸ் ஏறி வந்து, உன் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். அவளால் முடியாது. இந்தச் சம்பந்தம் நின்றால் என்னைத்தான் திட்டுவார்கள், திட்டிக்கொள்ளட்டும்.

உன் புது எண்ணும் விலாசமும் என்னிடம் மட்டும்தான் இருக்கின்றன. அம்மா தினமும் கேட்கிறாள். கொடுக்க மாட்டேன். நீயும் பாசம் பொங்கி வீட்டைக் கூப்பிட்டுவிடாதே. தீபாவளிக்கு டிக்கெட் எடுத்திருந்தால் கேன்சல் செய்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு. அப்பாவைப் பார்க்க வேண்டும்போல இருந்தால் எனக்குச் சொல், அவரைக் காரில் ஏற்றி அங்கே கூட்டிக்கொண்டு வருகிறேன். வருவாரா என்று மட்டும் கேட்காதே, அக்கா.

உன் தம்பி,
சுரேன்