பாக்கியத்தின் கால் வீக்கம்

மட்டாஞ்சேரி
18-3-1984

என் மகன் சுப்புராஜுக்கு அம்மா ஆவுடையம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. ஷார்ஜாவில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் இசக்கியம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை.

போன கடிதத்தில் உன் பெண்டாட்டி பாக்கியம் முழுகாமல் இருக்கிறாள் என்று துள்ளிக் குதித்து எழுதினேன் அல்லவா, அது தப்பு. வயிற்றில் பிள்ளை இல்லை ராசா. பதறாதே, உட்கார்ந்து மீதியையும் படி.

நீ விமானம் ஏறின பிறகு இரண்டு மாதம் அவளுக்குத் தூரம் வரவில்லை. காலையில் சோற்றைப் பார்த்தாலே ஓங்கரிப்பாள். கால் வீங்கியது, முகம் உப்பியது. நாலு பெற்று உன் ஒருத்தனை மிச்சம் வைத்தவள் நான், எனக்குத் தெரியாதா என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கொலுசு ஏறவில்லை அத்தை என்று அவள் காலை நீட்டினபோது, பூரித்துப் போயிருக்கே, ஊர்க் கண்ணு பட்டுடும் என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்தேன். வாய் கசக்கிறது என்றாள், உப்பு நார்த்தங்காயும் கருவாடுமாகப் போட்டேன். தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். நோய்க்குச் சர்க்கரை கொடுத்த மடச்சி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன மாதக் கடைசியில் சுக்குக் கிடங்கு முற்றத்தில், வெயிலில் சுக்கைக் கிளறிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். கிடங்கில் வேலை செய்கிற காமாக்ஷியும் நானும் அவளை ரிக்ஷாவில் ஏற்றி டாக்டர் முகமது இஸ்மாயிலிடம் கொண்டுபோனோம். அவர் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார், விழுந்த குழி எழும்பவே இல்லை. அவளுடைய மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடு காட்டினார். முட்டை வெள்ளைக்கரு மாதிரி உறைந்துவிட்டது. உடம்பில் நிற்க வேண்டிய சத்தெல்லாம் இதில் போகிறது, பிள்ளை கிள்ளை ஒன்றும் இல்லை என்றார்.

அப்புறம் என்னைக் கேள்வி கேட்டார். தலைமுடி கொட்டியதா? கொட்டியது, கொச்சி உப்புத் தண்ணி என்று நினைத்தேன். வெயிலில் நின்றால் இரண்டு கன்னமும் மூக்கும் சிவக்குமா? சிவக்கும், சுக்கு வெளுக்கிற சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். காலையில் விரல் மடங்காது என்று சொன்னாளா? சொன்னாள். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா, சோம்பேறிக் கழுதை என்றேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவர் சீட்டு எழுதிக் கோட்டயம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ரத்தம் பார்த்து லூப்பஸ் என்று பெயர் சொன்னார்கள். உடம்புக்குக் காவல் இருக்க வேண்டிய ரத்தமே உடம்பைக் கடிக்கிறதாம். சிறுநீரகத்தை எவ்வளவு கடித்திருக்கிறது என்று தெரிய முதுகு வழியாக ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்குப் பயாப்ஸி என்று பெயர். ரத்த அழுத்தம் இறங்கினால்தான் ஊசி, அதுவரை மாத்திரை. உப்பு கூடவே கூடாது.

நூல் கனம்தான் எடுப்போம் அம்மே, பேடிக்கேண்டா, பயப்படாதே என்று நர்ஸ் சொன்னாள். அவளுக்கென்ன, சொல்லுவாள். எனக்குப் பயமாக இருக்கிறது சுப்பு. இருபது வயசுப் பிள்ளை. கழுத்தில் தாலி ஏறி ஒரு தீபாவளிதான் பார்த்தாள்.

பள்ளுருத்தி மாடத்தி அத்தை வந்து, சுள்ளிக்கல்லுக்கு அவள் அப்பன் வீட்டுக்கே அனுப்பிவிடு, நோயாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்றாள். உன் அப்பாவோடு பிறந்தவளாச்சே என்று சாயா கொடுத்து அனுப்பினேன். உடனே பதில் போடு. பாக்கியத்துக்கு மலையாளம்தான் படிக்க வரும், எனக்குத் தமிழ்தான் வரும். எனக்கு எழுதுகிற கடிதத்திலேயே அவளுக்கும் நாலு வரி தமிழில் எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன்.

உன் வழியையே பார்த்திருக்கும்
அம்மா


கோட்டயம் ஆஸ்பத்திரி
22-4-1984

மகன் சுப்புராஜுக்கு அம்மா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் அவள் சேதியைக் கேள்.

பத்தாம் தேதி பயாப்ஸி ஊசி போட்டார்கள். கையெழுத்து நான்தான் போட்டேன். அவளைக் குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கடியில் தலையணை வைத்து, மூச்சைப் பிடி, விடு என்றார்களாம். இரண்டு தடவை குத்தினார்கள். வெளியில் நான் இசக்கியம்மனை வாய்க்கு வந்தபடி திட்டினேன், பிறகு மன்னிப்புக் கேட்டேன். அதற்கப்புறம் ஒரு நாள் முழுக்க மல்லாக்கப் படுத்தே இருக்க வேண்டும், அசையக்கூடாது, ரத்தம் கசியும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் மூத்திரத்தைக் குப்பியில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். முதல் இரண்டு குப்பி தேங்காய் நார் ஊறின தண்ணீர் நிறம். அப்போது எனக்கு உயிரே இல்லை. மூன்றாவதிலிருந்து தெளிந்தது.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. பெரிய டாக்டர் காகிதத்தில் படம் போட்டே சொன்னார். சிறுநீரகத்துக்குள் சல்லடை மாதிரி சின்னச் சின்ன முடிச்சு இருக்கிறதாம். எடுத்த துணுக்கில் இருபது முடிச்சு. பதினைந்தில் அழற்சி. இரண்டில் தழும்பு விழுந்துவிட்டது. தழும்பு திரும்பாது, அழற்சி மருந்துக்குத் திரும்பும் என்றார். இதை நாலாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். நாலு நல்லதா கெட்டதா என்று கேட்டேன். கடுமையானது, ஆனால் மருந்து கேட்கிற வகை என்றார். பாக்கியத்தை வெளியே அனுப்பிவிட்டு, மருந்தை விட்டுவிட்டால் வருஷம் தாண்டாது என்றும் சொன்னார். அதை அவளுக்கு நான் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

தினமும் மாத்திரை, மாதம் ஒரு ஊசி. மாத்திரையால் முகம் இன்னும் உருண்டையாகும், இந்தத் தடவை தெருவுக்குச் சர்க்கரை கிடையாது. வெயில் ஆகாது, கிடங்கு வேலை முடிந்தது. இன்னொன்றும் இருக்கிறது. டாக்டர் சொல்கிறவரை பிள்ளை உண்டாகக் கூடாது. அந்த மாத ஊசியால் பிற்பாடு உண்டாகாமலே போகவும் செய்யலாம். இதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

இப்போது உன் கடிதம். ஊசி போட்ட அன்றைக்கு, அவள் அசையாமல் படுத்திருந்தபோது, அவள் அப்பா சங்கரலிங்கம் அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுச் சாயா குடிக்கப் போனார். பாக்கியம் கூரையைப் பார்த்தபடியே, எனக்கு என்ன எழுதியிருக்காரு அத்தை என்று கேட்டாள். நான் பிரித்தேன். குணமாகிறவரை அவள் அப்பன் வீட்டில் இருக்கட்டும், மாடத்தி அத்தை எனக்கு எழுதியதும் சரிதான், வம்சம் என்று ஒன்று வேண்டாமா, நீங்களே யோசியுங்கள் என்று எழுதியிருந்தாய். அவளுக்கு ஒரு வரி இல்லை. அவள் பெயரே இல்லை. ஏலே, உன்னை நான்தானா பெற்றேன் என்று இருந்தது.

அதை நான் வாசிக்கவில்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வேறு வாசித்தேன். பாக்கியம், பயப்படாதே. பிள்ளையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எனக்கு நீ இருந்தால் போதும். நம் வீட்டிலேயே இரு. அம்மா திட்டினால் எனக்கு எழுது. இப்படி நாலு வரி. கடைசி வரிக்குச் சிரித்தாள். அசையாதே என்று நர்ஸ் சத்தம் போட்டாள். பாக்கியம் மறுபடி வாசிக்கச் சொன்னாள். எனக்கு முன்னே சொன்னது மறந்துபோய் வரிசை மாறிவிட்டது. இல்லை அத்தை, பிள்ளைக்கு அப்புறம்தான் வீடு வரும் என்று அவளே திருத்தினாள். கடிதத்தை நானே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். என்ன சொல்லி மறுப்பேன்?

புருஷன் எழுதியதை அப்பாவிடம் வாசிக்கக் கொடுக்க அவளுக்கு வெட்கம். அதனால் தமிழ் எழுத்தெல்லாம் ஒரு நோட்டில் எழுதித் தா என்று அவரிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள், நீ எழுதியதைத் தானே படிக்க வேண்டுமாம். கண்ணுக்கு ஆகாது, மாத்திரை சாப்பிடுகிற உடம்பு என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. விரல் வீக்கம் வடிந்திருக்கிறது, பென்சில் பிடிக்க முடிகிறது என்று காட்டிச் சிரிக்கிறாள். நோய் இறங்குகிறது என்று சந்தோஷப்படவும் எனக்கு முடியவில்லை.

மலையாளம் உனக்கு எழுத வரும். நான் வாசித்த நாலு வரியும் மேலே இருக்கிறது, வரிசை மாறாமல் மலையாளத்தில் உன் கையால் எழுது. பாக்கியலக்ஷ்மி என்று அவள் பெயருக்கே கவர் போடு. மனசு வந்து எழுது. வராவிட்டாலும் எழுது, மனசு பின்னால் வரட்டும். அந்தக் கவர் வந்துவிட்டால் பழைய கடிதத்தை எப்படியாவது அவளிடமிருந்து வாங்கி அடுப்பில் போட்டுவிடுவேன். அவளை நான் எங்கேயும் அனுப்பப் போவதில்லை, அதைத் தெரிந்துகொள்.

நீயும் அவளும் நூறு வயசு இருக்க வேண்டும். நேற்று எழுத்து நோட்டில் ‘ம’ வரைக்கும் வந்துவிட்டாள். சீக்கிரம் எழுது ராசா.

அம்மா